மேலே வைக்கும் கடிதம்

ஒரு காலுறையைக் கழற்றிவிட்டு மற்றதில் கை வைத்திருந்தேன். அப்போதுதான் மகள் இன்ஷிரா மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கி, "வாப்பா, யாரு இந்த மஹ்மூத்?" என்று கேட்டாள்.

அன்று செவ்வாய்க்கிழமை. கண்டியிலிருந்து கெலிஓயா வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு. ஆனால் அந்தப் பெயர் காதில் விழுந்ததும் களைப்பெல்லாம் போய்விட்டது. இருபத்தொன்பது வருஷம் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்தவனுக்கு எந்தக் கேள்விக்கும் முதலில் அவகாசம் எடுக்கத்தான் வாய் வரும். "எந்த மஹ்மூத்?" என்றேன்.

"எனக்கு எப்படித் தெரியும்? ஜெர்மனிக்காரங்க கேக்கிறாங்க."

ஜெர்மனியிலிருந்து வந்திருந்த மின்னஞ்சலை அவள் தன் உம்மாவுக்கும் விளங்கும்படி தமிழில் சொன்னாள். விண்ணப்பதாரியின் சார்பில் ஓர் அரசியல் பிரமுகரிடமிருந்து இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் ஒரே கடிதம் வந்திருக்கிறது. இப்படியான தலையீடுகளைத் தெரிவுக் குழு ஏற்பதில்லை. கடிதம் எப்படி வந்தது, அதில் உங்கள் பங்கு என்ன என்று வியாழக்கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் தரவும். வெள்ளிக்கிழமை நேர்முகத்தை நடத்துவதா, விண்ணப்பத்தை நிராகரிப்பதா என்பது அதற்குப் பிறகு முடிவாகும். கீழே, மிகுந்த மரியாதையுடன், ஒரு பெண்ணின் பெயர்.

என் மனைவி ஹபீலா கையிலிருந்த தேங்காய்த் துருவலோடு குசினி வாசலில் நின்றாள். "ஆருக்கு இந்தப் பொறாமை? ஆரோ வேணுமெண்டு செஞ்சிருக்காங்க" என்றாள்.

நான் மற்றக் காலுறையையும் கழற்றி இரண்டையும் ஒன்றாகச் சுருட்டினேன். "டீ ஈக்கா?" என்று கேட்டேன். அந்த வீட்டில் அந்த நேரத்தில் அதைவிட மோசமான ஒரு கேள்வியை யாரும் கேட்டிருக்க முடியாது.

இன்ஷிரா எதைப் படிக்கப் போகிறாள் என்பது எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு தெரியும், யாருக்கும் விளங்காது. ஐரோப்பிய அரசியல். அதிலே இரட்டை முதுகலைப் பட்டம். முதல் வருஷம் ஜெர்மனியில், இரண்டாம் வருஷம் பிரான்ஸில், முடிவில் இரண்டு நாட்டிலிருந்தும் இரண்டு பட்டம். உலகம் முழுவதிலிருந்தும் பன்னிரண்டு பேருக்குத்தான் புலமைப்பரிசில். அது கிடைக்காவிட்டால் போவதென்ற பேச்சே இல்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் படித்து நல்ல தேர்ச்சியும் பெற்றவள், ஒன்றரை வருஷமாக இந்த ஒரு விண்ணப்பத்துக்காகவே கண்டியில் ஒரு தனியார் பாடசாலையில் பாடம் சொல்லிக்கொடுத்தபடி காத்திருந்தாள். இரண்டு கல்யாணப் பேச்சு வந்து திரும்பிப் போனது. பக்கத்து வீட்டுப் பாயிஸா ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டி, "டொக்டருக்குப் படிச்சாலும் பரவாயில்ல, வெள்ளைக்காரன்ட அரசியலப் படிச்சி நமக்கு என்னத்துக்கு? இங்க உள்ளது காணாதா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நானும் உள்ளுக்குள் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்ஷிரா கோபப்படவில்லை. "இருநூறு வருஷமா அவங்க வந்து நம்மளப் படிச்சாங்க. நம்மட ராஜாவப் பத்தி, ஊராண்ட ஆராச்சிமாரப் பத்தி, நம்மட சண்டையளப் பத்தி அவங்க எழுதின புத்தகம் கெம்பஸ் லைப்ரரியில அலுமாரி அலுமாரியா ஈக்கி. நம்மள்ள ஒராள் போய் அவங்களப் பாத்தா என்ன?" என்றாள். பாயிஸாவுக்கு அது பிடித்ததோ இல்லையோ, எனக்குப் பிடித்தது. அதற்குப் பிறகு அவள் படிக்கும்போது நானும் பின்னால் நின்று பார்க்க ஆரம்பித்தேன்.

பார்க்கப் பார்க்க எனக்கே ஆவல் பற்றிக்கொண்டது. இருபத்தேழு நாடுகள் சேர்ந்து ஒரு பாராளுமன்றம். அந்தப் பாராளுமன்றம் ஓர் ஊரில் இருக்காது. மாதத்துக்கு ஒருமுறை கடதாசிக் கோவைகளையெல்லாம் பெட்டிகளில் அடைத்து, லொறிகளில் ஏற்றி, பிரசல்ஸிலிருந்து பிரான்ஸில் உள்ள இன்னோர் ஊருக்குக் கொண்டுபோவார்களாம். நாலு நாள் கூட்டம் முடிய மறுபடி பெட்டி, மறுபடி லொறி. இதைக் கேட்டு நான் அரை மணித்தியாலம் சிரித்தேன். எங்கள் கந்தோர் ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்கு மாறியபோது தொலைந்த கோவைகளை இன்னும் தேடுகிறோம். "அவங்களும் நம்மளப் போலத்தான் மகள்" என்றேன். "அதைத்தான் வாப்பா பாக்கப் போறேன்" என்றாள் அவள்.

அங்கேதான் பிழை தொடங்கியது. அவர்களும் எங்களைப் போலத்தான் என்று நான் உண்மையாகவே நம்பிவிட்டேன்.

எங்கள் வேலையில் ஒரு முறை இருக்கிறது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதியிராத முறை. ஒருவர் இடமாற்றம் கேட்கிறார், ஒருவர் பிள்ளைக்குப் பாடசாலை கேட்கிறார், ஒருவர் காணி உறுதிக்கு அலைகிறார். எல்லோருக்கும் கோவை ஒன்றுதான், உள்ளே இருக்கும் சான்றிதழ்களும் ஏறக்குறைய ஒன்றுதான். எது நகரும், எது தூங்கும் என்பதை மேலே வைத்திருக்கும் கடிதம் தீர்மானிக்கும். கந்தோரில் சிங்களத்தில் "லியும" என்று ஒரு சொல் சொன்னால் போதும், அது தபாலில் வரும் சாதாரணக் கடிதமல்ல என்று பியோன் முதல் பணிப்பாளர் வரை விளங்கும். அரச இலச்சினை போட்ட தாள், பச்சை மைக் கையொப்பம். அந்தக் கடிதத்தை நாங்கள் உள்ளே கோர்ப்பதில்லை. கோவையின் முதல் தாளுக்கும் மேலே, திறந்தவுடன் கண்ணில் படும்படி, குண்டூசியால் குத்தி வைப்போம். நானே ஆயிரக்கணக்கில் குத்தியிருப்பேன்.

இதில் இன்னொரு சங்கதி. ஒரு கோவை இரண்டு கந்தோருக்குச் சொந்தமானால் அதற்குக் கதி இல்லை. இவர் அவரிடம் கேள் என்பார், அவர் இவரிடம் கேள் என்பார். இரட்டைப் பட்டம் என்று கேட்ட நாளிலிருந்து எனக்கு இந்தப் பயம்தான். ஜெர்மனிக்காரன் பிரான்ஸ்காரனைக் காட்டுவான், பிரான்ஸ்காரன் ஜெர்மனிக்காரனைக் காட்டுவான், நடுவில் என் மகளின் கோவை தூங்கும். அதனால் ஒரு கடிதம் போதாது, இரண்டு இடத்துக்கும் அனுப்ப வேண்டும் என்று யோசித்தேன். என் அறிவை நான் அன்றைக்கு மெச்சிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மஹ்மூத் ஹாஜியார் கம்பளைப் பக்கம், முன்னாள் மாகாண சபை உறுப்பினர். மாகாண சபைகள் கலைந்து எத்தனையோ வருஷமாகிறது. ஹாஜியாரின் விறாந்தையில் முப்பது பிளாஸ்டிக் கதிரைகளும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியபடி கிடந்தன. ஒரு காலத்தில் விடிந்தவுடனேயே அவ்வளவிலும் ஆள் நிறைந்துவிடும். நான் போனபோது அவர் சாரனும் பெனியனுமாகப் பத்திரிகையில் மரண அறிவித்தல் பார்த்துக்கொண்டிருந்தார். கடிதம் கேட்டு வந்திருக்கிறேன் என்றதும் உள்ளே ஓடிப்போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். எனக்கு அவர்மேல் இரக்கமாகக்கூட இருந்தது.

"ஜெர்மனிக்கா? மாஷா அல்லாஹ். ஆருக்கு விலாசம் போடுற? சான்சலருக்கா?"

"இல்ல ஹாஜியார், கெம்பஸுக்கு."

"கெம்பஸுக்கெண்டா லேசு" என்றார்.

பழைய கடிதத் தலைப்புத் தாள்கள் ஒரு கட்டு மிச்சம் இருந்தன. "உறுப்பினர்" என்ற சொல்லுக்கு முன்னால் "முன்னாள்" என்று ரப்பர் முத்திரை குத்தினார். கடிதத்தை நான்தான் ஆங்கிலத்தில் எழுதி, தட்டச்சு செய்து கொண்டுபோயிருந்தேன். அப்படித்தான் வழக்கம். கையொப்பம் போடுபவர் எழுதமாட்டார். செல்வி இன்ஷிரா முனாபைச் சிறு வயது முதல் தனிப்பட்ட முறையில் அறிவேன், நற்குணமும் நல்லொழுக்கமும் உடையவர், கௌரவ உறுப்பினர் என்ற வகையில் அவருக்கு ஆவன செய்து உதவுமாறு அன்புடன் வேண்டுகிறேன். ஹாஜியார் பச்சைப் பேனையால் இரண்டு பிரதியிலும் நீளமாகக் கையொப்பம் இட்டார். இட்டு முடித்துவிட்டு, "மகளா, மகனா?" என்று கேட்டார்.

மறுநாளே கண்டியில் கூரியர் கந்தோரில் கொடுத்து அனுப்பினேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. இடம் கிடைத்த பிறகு, போகிற போக்கில், "சும்மா கிடைச்சதெண்டு நினைச்சீங்களா?" என்று ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை இரவு முழுக்க நான் அதை ஒளித்தே வைத்திருந்தேன். இன்ஷிரா தன் மாமா அஸ்ஃபரைச் சந்தேகித்தாள், அவன்தான் அரசியல்வாதிகளோடு படம் எடுத்துப் போடுகிறவன். வட்சப்பில் கேட்டாள். அவன் குர்ஆன்மேல் சத்தியம் செய்து குரல் பதிவு அனுப்பினான். அவன் குரல் தழுதழுத்ததைக் கேட்டுக்கொண்டு நான் சோறு சாப்பிட்டேன். வெட்கமாக இருந்தது.

புதன் காலை நானும் இன்ஷிராவும் ஒரே பஸ்ஸில் போனோம். அவளுக்கு யன்னலோரம் இடம் கிடைத்தது, எனக்கும் அதிசயமாகப் பக்கத்திலேயே கிடைத்தது. பேராதனைப் பாலத்துக்கு முன்னால் வாகனங்கள் நெரிந்து நின்றன. கீழே மகாவலி கலங்கிப்போய் ஓடிக்கொண்டிருந்தது. பஸ் நின்றதும் எனக்கு இனி ஒளிய இடமில்லை என்று தோன்றியது.

"அந்தக் கடிதம்... நான்தான் மகள் அனுப்பின."

அவள் பாலத்தைத் தாண்டும் வரைக்கும் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டுக்கும்?"

"ஓ, ரெண்டுக்கும்."

"நான் ஒன்றர வருஷம் ஒவ்வொரு வரியா எழுதினேன் வாப்பா. ஒவ்வொரு வரியா."

"தெரியும்."

"உங்களோட இப்ப எனக்குப் பேச ஏலா" என்றாள். அவளது பாடசாலைக்கு இன்னும் நாலைந்து தரிப்பிடம் இருந்தும் அடுத்த தரிப்பிடத்திலேயே இறங்கிப் போய்விட்டாள். பக்கத்து இடம் காலியாகவே இருந்தது, யாரோ ஒரு அம்மா வந்து மரக்கறிப் பையோடு உட்காரும் வரை.

அன்று கந்தோரில் ஒரு கோவையும் எனக்கு ஓடவில்லை. மத்தியானம் ஒருவர் இடமாற்ற விண்ணப்பத்தோடு வந்தார். மேலே ஒரு கடிதம். வழக்கம்போல குண்டூசியை எடுத்தேன், குத்தாமல் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு குத்தினேன். வந்த மனுசன் காத்துக்கொண்டிருந்தார், வேறென்ன செய்வது.

வீட்டுக்குத் திரும்பியபோது சண்டை இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இன்ஷிரா மேசையில் ஒரு கொப்பியும் பேனையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் கொஞ்சம் வீங்கியிருந்தது. ஆனால் முகத்தில் வேறு ஏதோ ஒன்று. சின்ன வயதில் வானொலிப் பெட்டியைக் கழற்றிப்போட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாளே, அந்த முகம்.

"இருங்க வாப்பா. கொஞ்சம் கேக்கணும். கோவமில்ல. கோவம் ஈக்கி, அத பொறகு பாப்பம்." பேனையைத் திறந்தாள். "உங்கட கந்தோருக்கு ஒரு கடிதம் வந்தா, எங்க வெப்பீங்க?"

சொன்னேன். குண்டூசி பற்றிச் சொன்னேன். ஏன் உள்ளே கோர்ப்பதில்லை என்று கேட்டாள். உள்ளே கோர்த்தால் கணக்காய்வில் கண்ணில் படும், குண்டூசியென்றால் வேலை முடிந்ததும் கழற்றிவிடலாம் என்றேன். இதுவரை நானே அதை யோசித்ததில்லை, கையோடு பழகிய பழக்கம், அவள் கேட்டபோதுதான் காரணம் வாயில் வந்தது. ஆட்சி மாறினால் பழைய கடிதங்களுக்கு என்ன நடக்கும்? தோற்றவரின் கடிதத்துக்கு எவ்வளவு காலம் மரியாதை இருக்கும்? கடிதம் கொடுத்தவர் பிறகு வந்து விசாரிப்பாரா? யாரும் கடிதமில்லாமல் வந்து காரியம் ஆகிப் போனதுண்டா? அவள் கேட்கக் கேட்க நான் சொல்லிக்கொண்டே போனேன். ஒரு மணித்தியாலம் போனது தெரியவில்லை. ஹபீலா கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி ஆறிப்போனது. என் வாழ்க்கையில் என் வேலையைப் பற்றி யாரும் இவ்வளவு ஆர்வமாகக் கேட்டதில்லை. குற்றவாளிக் கூண்டில் நிற்கிறேன் என்பதையே மறந்து, கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன்.

"உங்கட வேல எப்படிக் கிடைச்ச?"

கை நின்றுவிட்டது.

"கடிதம்தான்" என்றேன். "தொண்ணூத்தாறுல. உங்கட பெரியப்பா ஆரையோ பிடிச்சி எடுத்துத் தந்த."

அவள் எழுதினாள். எழுதி முடித்துத் தலையைத் தூக்காமலே, "அப்ப அந்த எடத்துக்கு வர இருந்த ஆள்?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் நமக்குத் தெரியா மகள்" என்றேன்.

தெரியும். கலஹாத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர், யோகராஜ் என்று பெயர். நேர்முகத்துக்கு ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். பரீட்சைப் பெறுபேறு சுவரில் ஒட்டியிருந்தது, அவர் பெயர் என்னுடையதற்கு ஐந்து பெயர் மேலே. சான்றிதழ்களைப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்திருந்தார். "ஒங்களுக்கு யாராச்சும் லெட்டர் குடுத்துருக்காங்களா?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன், என் சட்டைப் பைக்குள் கடிதம் இருந்தது. "எங்களுக்கெல்லாம் யாருங்க குடுப்பா" என்று சிரித்தார். பையன்கள் இரண்டு பேர், பேசிச் சிரித்து, ஒரு வடையைப் பாதி பாதியாகப் பங்கு போட்டுத் தின்றோம். அதற்குப் பிறகு கண்டியில் ஒரு இரும்புக் கடையில் அவர் நிறுத்துக் கொடுத்துக்கொண்டு நிற்பதை எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். என்னைக் கண்டால், "சொகமா இருக்கீங்களா சார்" என்பார். அந்தச் சார் என்ற சொல்லுக்காகவே நான் அந்தத் தெருவை விட்டுவிட்டு மணிக்கூட்டுக் கோபுரப் பக்கமாகச் சுற்றிப் போவேன். இதை ஹபீலாவுக்குக்கூடச் சொன்னதில்லை.

வியாழக்கிழமை விளக்கம் அனுப்ப வேண்டிய நாள். அவளோடு பேராதனையில் படித்த நிரோஷா தொலைபேசியில் சத்தமாகப் பேசியது எனக்கும் கேட்டது. "பேசாம எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு எழுதிரு இன்ஷி. பொய் இல்லியே, நெஜமாவே ஒனக்குத் தெரியாதுதானே. யாரு அனுப்பினதுன்னு ஏன் நீ சொல்லணும்?" அது நல்ல புத்திதான். நானாக இருந்தால் அப்படித்தான் எழுதியிருப்பேன். என் கந்தோரில் அந்த மாதிரி விளக்கங்கள் அறை நிறையக் கிடக்கின்றன.

இன்ஷிரா எழுதிய தாளை என் முன்னால் வைத்தாள். "நீங்க வாசிச்சி, வேணாம் எண்டா அனுப்ப மாட்டேன். உங்களுக்கு பென்ஷனுக்கு இன்னம் ரெண்டு வருஷம் ஈக்கி. கந்தோர் பேரு போடல்ல, உங்கட பேரும் போடல்ல. ஆனா வாப்பா எண்டு போட்டிருக்கேன்."

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பழக்கதோஷத்தில் ஒரு சிவப்புப் பேனையையும் எடுத்துக்கொண்டு வாசித்தேன். கடிதத்தை அனுப்பியவர் என் தந்தை, எனக்குத் தெரியாமல் அனுப்பினார். அது பிழை. அவர் வேலை செய்யும் இடத்தில் அதைப் பிழையென்று அவருக்கு எவரும் சொன்னதில்லை, அதைச் செய்யாத தகப்பன்தான் பிள்ளைமேல் அக்கறையில்லாதவன் எனப்படுவான். பிறகு இரண்டு பக்கத்துக்குக் குண்டூசி வந்தது, பதவி போனவரின் விறாந்தை வந்தது. உங்கள் நாடுகளில் இந்தக் கடிதத்தை எங்கே வைக்கிறார்கள் என்று அறிய விரும்புகிறேன், இல்லவே இல்லை என்றால் அது எப்படி இல்லாமல் போனது என்றும் அறிய விரும்புகிறேன், அதற்காகத்தான் இந்தப் படிப்புக்கு வர நினைக்கிறேன் என்று முடித்திருந்தாள். சிவப்புப் பேனையை மூடி வைத்தேன். என்னைப் பற்றி எழுதியிருந்தாள், ஆனால் என்னைக் கேவலமாக எழுதியிருக்கவில்லை.

"அனுப்புங்க மகள்" என்றேன்.

வெள்ளிக்கிழமை நேர்முகம் நடக்கும் என்று அன்று பின்னேரமே பதில் வந்தது. வேறொரு வார்த்தை அதில் இல்லை. அது நல்லதா கெட்டதா என்று மூன்று பேரும் அந்த ஒற்றை வரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டேன். ஜும்ஆத் தொழுகை முடிந்து ஓட்டமும் நடையுமாக வந்தபோது இரண்டேகால். அங்கே காலை வேளை. இன்ஷிரா சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை மூன்று பாடப் புத்தகத்தின்மேல் உயர்த்தி வைத்து, பின்னால் சுவரில் இருந்த கலண்டரைக் கழற்றியிருந்தாள். பாயிஸா வீட்டுச் சேவலைக் கூடைக்குள் போட்டு மூடும்படி ஹபீலா சொல்லிவிட்டு வந்தாள். நானும் அவளும் குசினித் திரைக்குப் பின்னால் சின்ன வாங்கில் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்தோம்.

முதலில் கூட்டணி அரசாங்கங்கள் பற்றிக் கேட்டார்கள், பிறகு எல்லைகள் பற்றி. இன்ஷிரா நிதானமாகப் பேசினாள். எனக்குப் பாதி விளங்கியது. ஒரு இடத்தில் அவர்கள் சிரித்தார்கள், ஹபீலா என் கையைக் கிள்ளினாள். பிறகு ஒரு பெண் குரல், அந்த மின்னஞ்சலில் கையெழுத்திட்டவள் என்று நினைக்கிறேன், மெதுவாகக் கேட்டது. உங்கள் விளக்கத்தை நாங்கள் எல்லோரும் வாசித்தோம். ஒரு கேள்வி. உங்கள் தந்தை இனியும் இதைச் செய்வாரா?

"செய்யமாட்டார்" என்று இன்ஷிரா சொல்லிவிட்டால் முடிந்தது. சொல்லுங்களேன் மகள் என்று நான் திரைக்குப் பின்னால் மனதுக்குள் கெஞ்சினேன்.

"எனக்குத் தெரியாது" என்றாள் ஆங்கிலத்தில். "அவர் குசினியில்தான் இருக்கிறார்."

அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு. ஓர் ஆண் குரல், அவருக்கு விருப்பமென்றால் அவர் வாயாலேயே கேட்க எங்களுக்கும் ஆவல்தான், கட்டாயமில்லை என்றது. கதிரை நகரும் சத்தம். திரை விலகியது.

"வாரீங்களா வாப்பா? வராட்டியும் பரவாயில்ல."

"நான் போய் என்னத்தச் செல்ற? உங்கட எடத்தையும் கெடுத்திடுவேன்."

"உள்ளதச் செல்லுங்க" என்றாள். உள்ளதைச் சொன்னால் போதும், அவ்வளவுதான். வானொலிப் பெட்டிக்கு முன்னால் இருந்த அதே முகம். அவளுக்கும் உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஹபீலா என் தொப்பியைக் கழற்றுவதா விடுவதா என்று இரண்டு தடவை கை நீட்டிவிட்டு, கடைசியில் நேராக்கி விட்டாள். போய் மகளுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தேன். மடிக்கணினித் திரையில் நாலு பெட்டிகளில் நாலு முகங்கள். எனக்குத் தெரிந்த நேர்முகங்களில் நடுவில் உயரமான கதிரை ஒன்று இருக்கும், அதன் முதுகில் வெள்ளைத் துவாய் விரித்திருக்கும், அதில் இருப்பவரைப் பார்த்துப் பேசினால் போதும். இங்கே யார் பெரியவர் என்று பிடிபடவில்லை. நாலு பெட்டியும் ஒரே அளவு. ஒருத்தர் கோப்பி குடித்தார், ஒருத்தரின் பின்னால் பூனை நடந்து போனது. யாராவது பேசும்போது அவருடைய பெட்டியைச் சுற்றி மட்டும் ஒரு பச்சைக் கோடு வந்தது. கீழே ஐந்தாவதாக எங்கள் பெட்டி, அதிலே நானும் இன்ஷிராவும்.

ஆங்கிலத்தில் எனக்குக் கடிதம் எழுதத்தான் வரும். மனதில் உள்ளதைச் சொல்லிப் பழக்கமில்லை. இனிச் செய்யமாட்டேன் என்று ஒரு வரி தயாராக இருந்தது, அழகான வரி, இலக்கணப் பிழையில்லாத வரி. அது பொய் என்றும் தெரியும். இன்னொரு பிள்ளை இருந்து, இன்னொரு கோவை போனால், என் கால் தானாகவே கம்பளைப் பக்கம் போகும். நான் சொல்லப்போவது அவளுக்கு இடம் எடுத்துத் தருமா, கையில் வந்ததையும் தட்டிப் பறிக்குமா என்றும் தெரியவில்லை.

தொண்டையைச் செருமினேன். பச்சைக் கோடு அந்த நாலு பேரையும் விட்டு எங்கள் பெட்டிக்கு வந்தது.

"செல்லுங்க மகள் அவங்களுக்கு" என்றேன் தமிழில். "கலஹாவில யோகராஜ் எண்டு ஒராள். லிஸ்ட்டுல என்னைய விட அஞ்சு பேர் மேல இருந்தவர். அந்த எடத்துக்கு வர இருந்த ஆள் அவர்தான்."

இன்ஷிரா சட்டென்று திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். அவள் மொழிபெயர்க்கவில்லை. நாலு பெட்டிக்குள்ளும் நாலு பேர் முன்னால் சாய்ந்து காத்திருந்தார்கள், ஒருத்தி பேனையின் மூடியைக் கழற்றினாள். எங்களைச் சுற்றி அந்தப் பச்சைக் கோடு அணையாமல் நின்றது.